எட்டு நாற்பத்திரண்டு எவ்வளவு?

மேசைமேல் கிடந்த என் பைனாகுலரைக் கையில் எடுத்த அக்கா மகன், அதைக் கண்ணில் வைப்பதற்கு முன்பே அதன் மேல் பொறித்திருந்த 8×42 என்பதைப் பார்த்துவிட்டு, "முந்நூற்று முப்பத்தாறு" என்றான். வாய்ப்பாடு புதிதாக மனப்பாடமாகியிருக்கும் வயது அவனுக்கு. பெருக்கல் குறியை எங்கே கண்டாலும் விடை சொல்லாமல் நகரமாட்டான். அடுத்த கேள்விதான் என்னைச் சற்றுத் தடுமாற வைத்தது: "முந்நூற்று முப்பத்தாறு என்ன, மாமா?"

அது பெருக்கல் கணக்கில்லை, இரண்டு தனித்தனி எண்களுக்கு நடுவே வழக்கமாகப் போடுகிற குறி என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அவன் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போதெல்லாம் நான் செய்வது இந்த எண்களை வைத்துச் சில சின்னக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதைத்தான். எல்லாம் ஆரம்பப் பள்ளிக் கணக்கு. ஒரே ஓரிடத்தில் மட்டும் வர்க்கமூலம் வரும். எந்த எண்ணை எதனால் பெருக்க வேண்டும், எதனால் வகுக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், பெட்டியின் மேல் அச்சிட்ட பெருமைகளில் பாதியைப் படிக்காமலே ஒதுக்கிவிடலாம்.

முதல் எண்ணான 8, உருப்பெருக்கம். நானூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவை, ஐம்பது மீட்டரில் இருந்தால் வெறுங்கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதே அதன் பொருள். ஆகவே உருப்பெருக்கம் என்ற பெயரில் பெருக்கம் இருந்தாலும், நடைமுறையில் அது தூரத்தை வகுக்கிற எண். இரண்டாவது எண்ணான 42, முன்பக்கத்தில் இருக்கும் பொருளருகு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். ஒன்று வெறும் மடங்கு, மற்றொன்று நீளம். இரண்டையும் பெருக்கினால் வருவதற்கு, ஒருவருடைய வயதையும் செருப்பு அளவையும் பெருக்கினால் வருவதற்கு இருக்கும் அர்த்தம்தான் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். அது முழுவதும் சரியில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெருக்குவதைவிட வகுப்பதில்தான் முதல் பயன் இருக்கிறது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. இது வெறும் எண்ணன்று, கண்ணால் காணக்கூடிய ஒரு வட்டத்தின் விட்டம். பைனாகுலரை வெளிச்சமான சுவரையோ வானத்தையோ நோக்கிப் பிடித்துக்கொண்டு (சூரியன் இருக்கும் பக்கம் எக்காரணம் கொண்டும் திருப்பக் கூடாது), கண்ணருகு லென்ஸைக் கண்ணில் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தால், கருத்த குழலின் நடுவே காசு போல ஒரு சிறிய ஒளிவட்டம் மிதப்பது தெரியும். கருவிக்குள் நுழைந்த ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது. மில்லிமீட்டர் கோடு போட்ட அடிக்கோலை லென்ஸின் குறுக்கே வைத்து அந்த வட்டத்தை அளக்கலாம். கை நடுங்காமலிருக்க, பைனாகுலரை இரண்டு தடித்த புத்தகங்களுக்கு இடையில் நிறுத்தி வைத்துக்கொள்வது நல்லது. என் கருவியில் ஐந்துக்கு மேல், ஐந்தரைக்குக் கீழ் என்றுதான் அடிக்கோல் காட்டியது. கணக்கும் அளவும் கைகோத்துக்கொண்டால் கருவியின் மேல் பொறித்த எண்களை நம்பத் தொடங்கலாம்.

இந்த வட்டத்தை எதனோடு ஒப்பிடுவது என்றால், நம் கண்பாவையோடு. நல்ல பகல் வெளிச்சத்தில் பாவை இரண்டு அல்லது மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், இருட்டில் இளம் வயதினருக்கு ஏழு மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற அந்த விரிவு குறைந்து, ஐம்பதைத் தாண்டிய பலருக்கு ஐந்து மி.மீ. பக்கம் நின்றுவிடும். இப்போது சட்டைப்பைக்குள் அடங்குகிற 10×25 கருவியை எடுத்துக்கொள்வோம். 25-ஐ 10-ஆல் வகுத்தால் இரண்டரை. உச்சி வெயிலில் பாவையும் அதே அளவில் இருப்பதால் எந்தக் குறையும் தெரியாது. பொழுது சாயும்போது பாவை ஐந்துக்கு விரிய, கருவி இரண்டரைக்கு மேல் கொடுக்க முடியாமல் நிற்க, காட்சி மங்கிவிடுகிறது. கடையில் பளிச்சென்று இருந்தது மாலையில் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு வகுத்தல்தான் பதில்.

மறுபக்கம், கப்பல்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் 7×50. ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேலே வருகிறது. இருட்டில் முழுவதும் விரிந்த இளைஞனின் பாவைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பொருத்தம். பகலில் அந்த ஒளியின் பெரும்பகுதி பாவைக்குள் நுழையாமல் சுற்றியுள்ள நிறப் படலத்தின் மேல் விழுந்து வீணாகும். ஆனாலும் ஆடுகிற தளத்தில் நிற்கிறவனுடைய கண் சற்று இப்படி அப்படி நகர்ந்தாலும் வட்டத்தை விட்டு வெளியே போய்விடாது என்பது ஒரு வசதி. பாவை ஐந்து மி.மீ.க்கு மேல் விரியாதவர் இதைத் தூக்கிக்கொண்டு போனால், ஏழைந்து முப்பத்தைந்து என்ற கணக்கில், கையில் இருப்பது 7×50 ஆனாலும் கண்ணுக்குக் கிடைப்பது 7×35 தான். மிச்சத்தின் பாரம் கழுத்துக்கு. ஐம்பதை நெருங்குகிற நண்பர் ஒருவர் பெரிய லென்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தபோது இதைத்தான் சொன்னேன்; கேட்கவில்லை. இப்போது அது அவர் வீட்டு ஜன்னலோரம் இருக்கிறது, வெளியே போகும்போது கூட வருவதில்லை.

லென்ஸ் அளவைப் பற்றி இன்னொரு சிறு கணக்கு. ஒளியைச் சேகரிப்பது லென்ஸின் பரப்பு, விட்டம் அன்று. ஆகவே 50 மி.மீ. லென்ஸ், 25 மி.மீ. லென்ஸைப் போல இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு ஒளியை வாங்குகிறது, 42 மி.மீ. லென்ஸ் 32 மி.மீ. லென்ஸைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு வாங்குகிறது. கண்ணாடியும் அதைத் தாங்கும் உடலும் கூடவே கனக்கும். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கப்போகிறது என்றால் 8×32 போதும் என்பது என் கட்சி.

உருப்பெருக்கம் அதிகமாக இருந்தால் நல்லது என்ற ஆசை எல்லோருக்கும் முதலில் வருகிறது, எனக்கும் வந்தது. கருவி பறவையை மட்டும் பத்து மடங்காக்குவதில்லை, கை நடுக்கத்தையும் அதே பத்து மடங்காக்குகிறது. வெயிலில் தரையிலிருந்து எழும் கானல் அலையையும் விட்டுவைப்பதில்லை. எட்டில் எண்ண முடிந்த இறகுக் கோடுகள் பன்னிரண்டில் நடுங்கிக் கலங்கிவிடுவதை யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். பத்துக்கு மேல் போனால் முக்காலியோ சாய்ந்துகொள்ள ஒரு சுவரோ வேண்டும், இல்லையென்றால் நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மடங்கு என்று சொல்லும்போது எதன் மடங்கு என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். எட்டு மடங்கு என்பது நீள அகலத்தில். பரப்பில் பார்த்தால் எட்டெட்டு அறுபத்துநான்கு மடங்கு. 1610-இல் தன் தொலைநோக்கி அவதானிப்புகளை வெளியிட்ட கலிலியோ, ஒரு கருவியின் பெருக்கத்தைச் சோதிக்கும் வழியையும் அதிலேயே எழுதியிருக்கிறார். ஒன்றன் பரப்பு மற்றொன்றைப் போல நானூறு மடங்காக, அதாவது விட்டம் இருபது மடங்காக, இரண்டு வட்டங்களை வெட்டி ஒரே சுவரில் பொருத்த வேண்டும். சிறியதை ஒரு கண்ணால் கருவி வழியாகவும், பெரியதை மறு கண்ணால் வெறுமனேயும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தால் கருவி இருபது மடங்கு பெருக்குகிறது. நானூறு ஆண்டுகள் கழிந்தும் இந்த வழி அப்படியே வேலை செய்கிறது. வட்டம் வெட்டக்கூடத் தேவையில்லை. பூசாத செங்கல் சுவர் ஒன்று எதிரே இருந்தால் போதும். ஒரு கண்ணைக் குழலில் வைத்து, மற்றதை மூடாமல் பார்த்தால், இரண்டு சுவர்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும். கருவியில் தெரியும் ஒரு செங்கல்லின் உயரம், வெறுங்கண்ணில் தெரியும் எத்தனை வரிசைகளை மூடுகிறது என்று எண்ணினால் அதுவே உருப்பெருக்கம். முதலில் தலை சுற்றும், பிறகு பழகிவிடும்.

அடுத்தது பார்வைப் புலம். கருவியின் மேல் சில சமயம் பாகையில் போட்டிருப்பார்கள், சில சமயம் ஆயிரம் மீட்டர் தூரத்தில் இத்தனை மீட்டர் அகலம் தெரியும் என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். ஆயிரம் மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவை 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ பதினேழரை மீட்டர் வருகிறது. ஆகவே எட்டுப் பாகை என்றால் 140 மீட்டர். அதே கருவியில் ஐம்பது மீட்டரில் இருக்கும் மரத்தைப் பார்த்தால் ஏழு மீட்டர் அகலம்தான் தெரியும். கிளைக்குக் கிளை தாவும் குருவியைத் தேடுகிறவருக்கு இந்த ஏழு மீட்டர் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாகையை உருப்பெருக்கத்தால் பெருக்கினால், கண்ணை வைத்ததும் காட்சி எவ்வளவு அகலமாக விரிந்ததாக உணர்வோம் என்பது கிடைக்கும். எட்டுப் பாகையும் எட்டு மடங்கும் சேர்ந்தால் அறுபத்துநான்கு பாகை. இது தோராயம், ஐஎஸ்ஓ 14132 தரநிலையின் சூத்திரம் டேன்ஜென்ட் வழியாகப் போவதால் அதே கருவிக்கு 58 பாகை சொல்லும். சாதாரணமாக இந்த எண் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையே இருக்கும். ஐம்பதுக்குக் கீழே போனால் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போன்ற நெருக்கம்.

இந்த ஒரு பெருக்கல் எனக்குக் கொடுத்த மகிழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். உறவினர் ஒருவர் இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பைனாகுலரை வாங்கி வந்தார். அதன் மேல் 30×60 என்றும், ஆயிரம் மீட்டரில் 126 மீட்டர் என்றும் அச்சிட்டிருந்தது. 126 மீட்டர் என்றால் 7.2 பாகை. முப்பதால் பெருக்கினால் 216 பாகை. அதாவது கண்ணை வைத்தவருக்குத் தன் காதுக்குப் பின்னாலும் காட்சி தெரிய வேண்டும். டேன்ஜென்ட் வழியாகப் போனாலும் 124 பாகை வருகிறது, அதுவும் இந்தச் சிறு உடலில் நடக்கிற காரியமில்லை. கருவியைத் திறக்காமலே, கண்ணில் வைக்காமலே, அட்டையில் இருந்த இரண்டு எண்களே ஒன்றையொன்று பொய்யாக்கிவிட்டன.

எது பொய் என்று பார்க்க அடிக்கோலை எடுத்தோம். அறுபது மி.மீ. இருக்க வேண்டிய முன் லென்ஸ் 21 மி.மீ. இருந்தது. ஒளிவட்டம் இரண்டரைக்குச் சற்று மேல், 2.6 என்று வைத்துக்கொண்டால், 21-ஐ அதனால் வகுக்க எட்டு வருகிறது. செங்கல் சுவரும் எட்டு வரிசை என்றே சாட்சி சொன்னது. எட்டை 7.2-ஆல் பெருக்கினால் 57.6 பாகை, முற்றிலும் நம்பக்கூடிய எண். ஆக, அத்தனை பொய்க்கு நடுவே 126 மீட்டர் மட்டும் உண்மை. 8×21 என்று நேர்மையாக எழுதியிருந்தால் அது குறைசொல்ல முடியாத ஒரு சிறு கருவி. உறவினருக்கு மட்டும் முப்பது போய் எட்டாகிவிட்ட வருத்தம் தீரவில்லை.

கண்ணால் எண்ண முடியாத ஒரு பெருக்கலும் கருவிக்குள் நடக்கிறது. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றிலும் ஒளியில் சுமார் நூற்றுக்கு நான்கு பங்கு எதிரொளித்துத் திரும்பிவிடும். லென்ஸ்கள், முப்பட்டகங்கள் எல்லாவற்றின் இரு பக்கங்களையும் எண்ணினால், ஒரு குழலுக்குள் பதினாறு பரப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பதினாறு நான்கு அறுபத்துநான்கு போக மிச்சம் முப்பத்தாறு என்று கணக்குப் போடுவது தவறு. ஒவ்வொரு பரப்பிலும் மிஞ்சியதில்தான் நான்கு பங்கு போகிறது, ஆகவே 0.96-ஐப் பதினாறு முறை பெருக்க வேண்டும். விடை 0.52. கழித்துப் பார்த்ததைவிட நிலைமை மேல்தான் என்றாலும், பாதி ஒளி கண்ணுக்கு வராமலே போகிறது. பூச்சினால் இழப்பை ஒரு பரப்புக்கு ஒன்றரைப் பங்காகக் குறைத்தால் 0.79 பங்கு ஒளி வரும். நல்ல பல்லடுக்குப் பூச்சினால் அரைப் பங்காக்கினால் 0.92 வரும். ஒன்றரைக்கும் அரைக்கும் இடையிலான வேறுபாடு சில்லறையாகத் தெரியலாம், பதினாறு முறை பெருக்கும்போதுதான் அதன் கனம் புரிகிறது. ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகூலா 1935-இல் இந்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சை உருவாக்கினார். லென்ஸில் மின்விளக்கின் பிம்பத்தைச் சாய்த்துப் பார்த்தால் பூச்சுள்ள பரப்பில் அது பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரியும், பூச்சில்லாத பரப்பில் வெள்ளையாகக் கண்ணைக் குத்தும். எல்லாப் பிம்பங்களும் நிறமாக இருந்து ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தால், அந்த ஒரு பரப்பில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். மாணிக்கம் போலச் சிவப்பாக மினுங்கும் லென்ஸ்கள் கடையில் அழகாக இருக்கும், நான் வாங்கமாட்டேன்.

முப்பட்டகங்களைப் பற்றிச் சுருக்கமாக. இத்தாலியரான இன்யாசியோ போர்ரோ 1854-இல் உரிமம் பெற்ற அமைப்பில் ஒளி மடங்கி மடங்கி வருவதால், முன் லென்ஸும் பின் லென்ஸும் ஒரே நேரில் இராது; தோள் அகன்ற பழைய பைனாகுலர்கள் அந்த வகை. நேர்க்குழல் வகையில் கூரை வடிவ முப்பட்டகம் இருக்கும். ஒடுக்கமானது, ஆனால் அதன் முழுத் திறனும் வெளிப்பட, கூரையின் இரு சரிவுகளிலும் பட்டு வரும் ஒளி அலைகளை மறுபடி ஒத்திசைய வைக்கும் ஒளிக்கட்டப் பூச்சு தேவை, அது 1988-இல் அறிமுகமானது. ஆகையால் குறைந்த விலையில் வாங்குகிறவருக்கு, அதே காசில் போர்ரோ வகையே பெரும்பாலும் தெளிவான காட்சியைத் தரும். ஒளிவட்டத்தைப் பார்க்கும்போது அதன் ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால், முப்பட்டகத்தில் ஒளிவிலகல் எண் குறைந்த கண்ணாடியைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர் இன்னும் ஒன்றை அளக்க வேண்டும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்த கருவியின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் ஒளிவட்டம் மிகச் சிறியதாகவும் ஓரம் கூர்மையாகவும் விழும். கண் இருக்க வேண்டிய இடம் அதுதான். லென்ஸிலிருந்து அது பதினைந்து மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், கண்ணாடியோடு பார்க்கும்போது காட்சியின் ஓரம் வெட்டுப்படும்.

பழைய கருவியை மதிப்பிடும்போது இந்த அளவுகளெல்லாம் பின்னுக்குப் போய்விடும். முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே வலைபோலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, மூட்டம் இருக்கிறதா என்று தெரியும். அதைவிட மோசம் இரண்டு குழல்களும் ஒரே இடத்தை நோக்காமல் இருப்பது. தூரத்துக் கூரை விளிம்பைக் கிடைமட்டமாக வைத்துப் பார்த்து, கண்ணை மெல்லப் பின்னுக்கு இழுத்தால், இரண்டு வட்டங்களிலும் விளிம்பு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அரை மணி நேரத்தில் தலைவலி வரும். அப்படிப்பட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இனி முந்நூற்று முப்பத்தாறு. அதன் வர்க்கமூலம் 18.3, இதற்கு அந்திப்பொழுது எண் என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு, பல நிறுவனங்கள் விவரப் பட்டியலில் அச்சிடுகின்றன. 10×25-க்கு 15.8, 7×50-க்கு 18.7. எண் கூடினால் மங்கல் வெளிச்சத்தில் கூடுதல் நுணுக்கம் தெரியும் என்பது வாதம். வானத்தைப் பார்க்கிறவர்களோ வர்க்கமூலம்கூட எடுப்பதில்லை. கனடாவைச் சேர்ந்த ராய் பிஷப் இரண்டு எண்களையும் பெருக்கி வரும் விடையையே அளவுகோலாகச் சொல்கிறார். ஒரே அளவு லென்ஸில் உருப்பெருக்கம் கூடும்போது வானப் பின்னணி மங்க, விண்மீன் மட்டும் புள்ளியாகவே நின்று எடுப்பாகத் தெரியும். ஆகவே நட்சத்திரங்களுக்கு, ஐந்நூறு வரும் 10×50, முந்நூற்றைம்பது வரும் 7×50-ஐ வென்றுவிடுகிறது. பையன் போட்ட கணக்கு வீண் கணக்கில்லை.

ஆனாலும் ஒரு பிடி இருக்கிறது. பெருக்கலுக்கு வரிசை முக்கியமில்லை, எட்டு நாற்பத்திரண்டும் நாற்பத்திரண்டு எட்டும் ஒன்று என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். 42×8 என்று ஒரு பைனாகுலர் இருந்தால் அதுவும் இதே 336, இதே 18.3. எட்டு மி.மீ. லென்ஸ், நாற்பத்திரண்டு மடங்கு. வகுத்துப் பார்த்தால் ஒளிவட்டம் 0.19 மி.மீ., ஊசித் துளை. அதன் வழியாக எதையும் பார்க்க முடியாது.

அடுத்த முறை அவன் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். நாற்பத்திரண்டு எட்டு என்ற கருவியை நினைத்து நெடுநேரம் சிரித்தான். பிறகு எதிர்வீட்டுச் செங்கல் சுவரை எண்ணப் போனான். இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்து வைத்துக்கொள்ள அவனுக்கு வரவில்லை. ஒன்றைத் திறந்தால் மற்றது தானாக மூடிக்கொண்டது. இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணி முடித்துவிட்டு, "எட்டுப் போட்டிருக்காங்க, ஏழே முக்கால்தான் இருக்கு, மாமா" என்றான். நானும் எண்ணிப் பார்த்தேன். எட்டாவது வரிசையின் சாந்துக் கோட்டை அந்தச் செங்கல் தொடவில்லை.